63 கிலோவாட்டும் ஆற்றின் பங்கும்

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மாவட்டத்தில் நியூ மில்ஸ் என்றொரு சிற்றூர். கோய்ட் ஆறும் செட் ஆறும் கூடும் இடத்தை ஒட்டி அங்கே ஒரு பழைய தடுப்பணை இருக்கிறது. 1912இல் தீக்கிரையான டோர் மில் பஞ்சாலை நின்ற இடம் அது. 2008இல் ஊர்க்காரர்களே பங்கு போட்டு அங்கே, விழும் தண்ணீரில் சுற்றி மின்சாரம் தரும் ஆர்க்கிமிடீஸ் திருகு ஒன்றை இறக்கினார்கள். விட்டம் 2.4 மீட்டர், எடை சுமார் 11 டன், திறன் 63 கிலோவாட்.

செலவு ஏறக்குறைய 3,30,000 பவுண்டு. அதில் சுமார் 1,26,000 பவுண்டு 230 பேர் வாங்கிய பங்குகளில் வந்தது. தலைக்குச் சராசரி 548 பவுண்டு. மீதி மானியமும் கடனும். ஒரு கிலோவாட்டுக்கு 5,238 பவுண்டு விழுகிறது.

ஆண்டு உற்பத்தி 2,40,000 யூனிட் என்று மதிப்பிட்டார்கள். ஏறத்தாழ 70 வீடுகளுக்குக் காணும். திருகு ஓயாமல் முழுத் திறனில் சுற்றினால் 5,51,880 யூனிட் வர வேண்டும். ஆக மதிப்பீடே 43 சதவீதம்தான். முழுத் திறனில் 159 நாள் ஓட்டத்துக்குச் சமம். கோடையில் தண்ணீர் போதாது. வெள்ளத்திலோ அணைக்குக் கீழே நீர்மட்டம் ஏறி, வீழ்ச்சியே குறைந்துவிடும்.

இனி ஆற்றின் பக்கம். வீழ்ச்சி சுமார் 3 மீட்டர். இயந்திரத்தின் பயனுறுதிறன் 75 சதவீதம் என்று வைத்தால், 63 கிலோவாட்டுக்கு விநாடிக்கு 2,850 லிட்டர் வேண்டும். ஒரு நாளைக்கு 2,46,000 கன மீட்டர். இங்கிலாந்தில் நாளொன்றுக்கு 20 கன மீட்டருக்கு மேல் ஆற்றில் எடுத்தாலே உரிமம் தேவை. எடுத்த தண்ணீர் அணைக்குக் கீழேயே ஆற்றில் சேர்ந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் அணை மேல் வழியும் நீரும் மீன் ஏறும் வழியில் ஓடும் நீரும் திருகுக்குப் போகும் அதே தண்ணீர்தான். திருகு மெதுவாகச் சுற்றுவதால் கீழே இறங்கும் மீன்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்; மேலே ஏறும் டிரவுட் மீனுக்குத் தனி வழி விட்டே ஆக வேண்டும்.

இப்படிப்பட்ட திட்டத்துக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்பில் ஆற்றின் இந்தப் பங்கைத்தான் முதலில் பேச வேண்டும். இங்கிலாந்தில் கட்டட அனுமதிக்கு 21 நாளும், நீர் எடுக்கும் உரிமத்துக்கு 28 நாளும் பொதுமக்கள் எழுதலாம். இரைச்சல், மரம், பாறை எல்லாம் அதில் வரும், வரட்டும். என் பார்வையில் தலையாய கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் குறைந்த நாளில் ஆற்றுக்கு எத்தனை லிட்டர்?

ஆற்றுக்குக் கூடுதலாக விடுவதால் ஊருக்கு என்ன நஷ்டம் என்று போட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 300 லிட்டர் கூடுதலாக விட்டால் 6.6 கிலோவாட் குறையும். நாளுக்கு 159 யூனிட். தண்ணீர் தட்டுப்பாடான நாட்கள் ஆண்டுக்கு 100 என்று கொண்டால் 15,900 யூனிட். மொத்தத்தில் ஏழு சதவீதம்கூட இல்லை. யூனிட் 10 பென்ஸ் என்றால் 1,590 பவுண்டு. 230 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 7 பவுண்டு. ஆறு வாழ 7 பவுண்டு தர மாட்டீர்களா என்று கூட்டத்தில் கேட்டால், மாட்டேன் என்று எத்தனை கை உயரும்? கேள்வியை இந்த வடிவில் யாரும் முன்வைக்காததுதான் சிக்கல். ஆற்றின் நன்மை நீளமான பத்திகளில் வருகிறது, மின்சாரத்தின் நன்மை எண்ணில் வருகிறது; எண்ணே வெல்கிறது.

இந்தியாவிலோ அந்தக் கேள்வியைக் கேட்கும் கூட்டமே பல திட்டங்களுக்கு இல்லை: 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 25 மெகாவாட்டுக்குக் குறைந்த நீர்மின் திட்டங்களுக்குப் பொது விசாரணையே கட்டாயமில்லை. நியூ மில்ஸ் திருகு போல 396 சேர்ந்தாலும் அந்த வரம்பு எட்டாது. நியூ மில்ஸில் வறளக்கூடியது அணையடியில் கொஞ்ச தூரம்தான். நம் மலைகளில் சிறு திட்டங்கள் கால்வாயிலோ குழாயிலோ தண்ணீரைத் திருப்பும்போது கிலோமீட்டர் கணக்கில் ஆற்றுப்படுகை காய்கிறது. வரம்பை மெகாவாட்டில் வைத்ததுதான் பிழை. காயும் ஆற்றின் நீளத்தைக் கொண்டு வரம்பு வைத்திருந்தால் இவற்றில் பல விசாரணைக்கு வந்திருக்கும். விசாரணை நடக்கும் பெரிய திட்டங்களுக்கு 30 நாள் முன்னறிவிப்பும் உள்ளூர் மொழியில் சுருக்கமும் தர வேண்டும். அந்தச் சுருக்கத்தின் முதல் பக்கத்திலேயே மூன்று எண்களைக் கேளுங்கள்: கோடை மாதத்தில் ஆற்றில் வரும் நீர், அதில் ஆற்றுக்கு விடும் பங்கு, காயப்போகும் நீளம்.