நூலின் இலக்கமும் நூலின் தடிப்பும்

கம்பளி நூற்பந்து ஒன்றைச் சுற்றியிருக்கும் தாளில் பல இலக்கங்கள் அச்சிடப்பட்டிருக்கும். பின்னத் தெரிந்த தாய்மார் பலர் நிறத்தையும் விலையையும் பார்ப்பார்களே தவிர, இலக்கத்தைப் பார்ப்பதில்லை. பொதிகளில் வந்து சேரும் நூலிலோ அந்தத் தாளே இராது. ஆனால் குழந்தைத் தொப்பி, காலுறை பின்னி விற்று நாலு காசு தேட நினைப்பவர் முதலில் அறியவேண்டியது நூலின் தடிப்பைத்தான்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். மூன்று மாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 40 செ.மீ. பின்னல் இழுபடும் ஆகையால் 38 செ.மீ. தொப்பி போதும். "டபிள் நிற்றிங்" எனப்படும் நூலை 4 மி.மீ. ஊசியால் பின்னினால் 10 செ.மீ. அகலத்திற்கு 22 கண்ணிகள் வரும். ஆகவே 84 கண்ணிகள் ஏற்றுகிறோம். அதே 84 கண்ணிகளை "நாலு பிளை" நூலிலே அதற்குரிய மெல்லிய ஊசியால் பின்னினால் 10 செ.மீ.க்கு 28 கண்ணிகள் அடங்கிவிடும். தொப்பி 30 செ.மீ. தான் வரும். பிறந்த குழந்தையின் தலைக்கே அது இறுக்கம். வேலையும் வீண், நூலும் வீண்.

அப்படியானால் நூலை அடிமட்டத்தால் குறுக்கே அளந்தால் என்ன? நூல் மெத்தென்றது, அழுத்தினால் ஒடுங்கும், விட்டால் பொங்கும். எனவே ஆலைக்காரர் நீளத்தையும் நிறையையும் சேர்த்தே கணக்கெடுக்கிறார்கள். கமக்காரருக்கு இது புதிதல்ல. ஒரு கிலோ சம்பாவில் உள்ள மணிகள் ஒரு கிலோ நாட்டரிசியில் உள்ளதைவிட அதிகம், ஏனெனில் சம்பா மணி சிறியது. அதுபோலவே ஒரே நிறையுள்ள இரண்டு பந்துகளில் எது நீளம் கூடியதோ அதுவே மெல்லிய நூல்.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், இந்தக் கணக்கை இரண்டு விதமாக எழுதுகிறார்கள். பருத்தி நூலுக்கு, ஓர் இறாத்தல் நிறையில் 840 யார் நீளமுள்ள கழிகள் எத்தனை என்று எண்ணுவார்கள். 40ஆம் இலக்க நூல் என்றால் ஓர் இறாத்தலில் 40 கழிகள், அதாவது 33,600 யார். ஆகவே இலக்கம் கூடக் கூட நூல் மெலியும். கைத்தறி நூற்கட்டில் 2/40 என்றிருந்தால் 40ஆம் இலக்க இழைகள் இரண்டை முறுக்கியது என்று பொருள். தடிப்பில் அது 20ஆம் இலக்கத்துக்குச் சமம். மருதமுனையில் தறி வைத்திருப்போருக்கு இது மனப்பாடமான கணக்கு. குறோசே நூலிலும் 40 என்பது 20ஐ விட மெல்லியதே.

நைலோனுக்குக் கணக்கு தலைகீழ். 9,000 மீற்றர் இழை எத்தனை கிராம் நிறுக்கிறதோ அதுவே அதன் டெனியர். மீன்வலை நூலில் 210/9 என்று கண்டால், 210 டெனியர் இழைகள் ஒன்பதைச் சேர்த்து முறுக்கியது. 210/12 அதைவிடத் தடித்தது. இங்கே இலக்கம் கூடினால் நூலும் தடிக்கும்.

கம்பளி நூலில் "பிளை" என்பது ஆதியில் புரிகளின் எண்ணிக்கை. இப்பொழுது அது பெரும்பாலும் ஒரு தடிப்பின் பெயராகவே நிற்கிறது. ஆகவே புரியைப் பிரித்து எண்ணித் தடிப்பை நிதானிக்க வேண்டாம். ஒற்றைப் புரியிலேயே தடித்த நூல் உண்டு. அமெரிக்க நூலில் 0 முதல் 7 வரை ஓர் இலக்கம் இடுவார்கள். அங்கே 7 தான் மிகத் தடித்தது, 3 என்பது டபிள் நிற்றிங். பழைய ஆங்கிலேய ஊசி இலக்கமோ வேலிக் கம்பியின் கேஜ் போன்றது: 8ஆம் இலக்க ஊசி 4 மி.மீ., 14ஆம் இலக்கம் 2 மி.மீ. தான். மி.மீ. கணக்கையே கேட்டு வாங்குவது நல்லது.

தாள் இல்லாத நூல் கையில் இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. அடிமட்டத்தில் ஓர் அங்குல இடைவெளியைக் குறித்து, நூலை இழுக்காமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்திலாகச் சுற்றுங்கள். 14 சுற்றுக்கு மேல் வந்தால் நாலு பிளை அல்லது அதைவிட மெல்லியது. 11, 12 சுற்று வந்தால் டபிள் நிற்றிங். 8, 9 என்றால் தடித்த நூல்; குளிர் கூடிய மலைநாட்டுக்கு அது உதவும், வன்னி வெயிலில் எந்தக் குழந்தையும் அதைத் தாங்காது. கை இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறுவதால் மூன்று தரம் சுற்றிப் பாருங்கள்.

மற்றது நிறுத்துப் பார்ப்பது. சுற்றளவு சரியாக ஒரு மீற்றர் வரும் பலகையொன்றில் 50 சுற்றுச் சுற்றிக் கழற்றி, சிறு நிறை காட்டும் தராசில் இடுங்கள். 22 கிராம் அளவில் நின்றால் டபிள் நிற்றிங். 12, 13 கிராம் என்றால் நாலு பிளை. உங்களிடம் மொத்தம் எத்தனை மீற்றர் உண்டென்பதையும் இதிலிருந்தே கணக்கிடலாம். பத்துத் தொப்பிக்குக் கேள்வி வந்தால், நூல் ஏழாவது தொப்பியில் முடிந்துவிடுமா என்பது வேலை தொடங்குமுன்பே தெரியவேண்டும் அல்லவா?

தடிப்பு ஒத்துவந்தாலும் முதலில் 12 செ.மீ. சதுரமாக ஒரு துண்டு பின்னி, நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். கண்ணி கூடினால் ஒரு படி தடித்த ஊசி, குறைந்தால் ஒரு படி மெல்லிய ஊசி. அந்தத் துண்டை ஒரு மட்டையில் தைத்து, சுற்று, ஊசி, கண்ணி மூன்றையும் எழுதி வையுங்கள்.