சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்

தமிழில் 'கேள்' என்றால் காதால் கேட்பது என்றும் பொருள், வாயால் வினவுவது என்றும் பொருள். கன்னடத்துக் 'கேளு'வும் அப்படியே. நம் பெங்களூர்ப் பிள்ளைகள் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் தாராளமாக வினவுகிறார்கள். காதால் கேட்பதில்தான் குறை என்பது என் எண்ணம்.

பல வீடுகளில் பார்க்கிறேன். பாட்டி தமிழில் பேசுகிறார், பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். பதில் வந்துவிட்டதால் கேட்டுக்கொண்டான் என்று நாமும் விட்டுவிடுகிறோம். உண்மையில் தெரிந்த நாலு சொல்லைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை ஊகித்துச் சொல்கிறான். இப்படி இரண்டு மூன்று வருடம் போனால் பாட்டி தம் பேச்சைச் சுருக்கிக்கொள்கிறார். "சாப்பிட்டியா, படிச்சியா" என்ற இரண்டு கேள்விகள்தான் மிஞ்சும். சொந்த ஊர், உறவுமுறை, பழைய கதை எல்லாம் அவரோடு போய்விடும்.

பள்ளிக்கூடங்களில் பேச்சுப் போட்டிக்குக் கோப்பை தருகிறார்கள், கேட்பதற்குத் தருவதில்லை. சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் ஆங்கிலத்துக்குக் கேட்டல், பேசுதல் மதிப்பீடு உண்டு. நல்லதுதான். ஆனால் ஒலிப்பதிவைக் கேட்டு விடை எழுதுவது வேறு, எதிரில் உட்கார்ந்திருப்பவர் பேச்சைக் கேட்பது வேறு. "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று ஒலிப்பதிவு நம்மைத் திருத்தாது.

வள்ளுவர் கல்வி, கல்லாமை இரண்டுக்கும் அடுத்து, 42-ஆம் அதிகாரமாகக் கேள்வியை வைத்தார். (அல்சூர் ஏரிக்கரையில் 1991 முதல் 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டு 9-ஆம் தேதி திறக்கப்பட்டாரே, அதே வள்ளுவர்தான்.) அவர் கேட்பதன் பெருமையைச் சொன்னார். கேட்கும் வழிமுறையை விவரமாகச் சொன்னவர் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர். அந்த நூலைச் செய்யச் சொன்ன சீயகங்கன், நம் பக்கத்துக் கோலாரை ஒரு காலத்தில் தலைநகராகக் கொண்டிருந்த கங்கர் வழியினன். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தவன். ஆகவே நன்னூலில் இந்தப் பக்கத்து மண்ணுக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

நன்னூல் பாயிரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குச் சேர்வது கால் பங்குதான். உடன் பயில்பவரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தானே பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது.

இந்தக் கணக்கு எனக்கு உடனே பிடிபட்டதற்கு ரயில்வே உத்தியோகம் காரணம். அங்கே வெறும் 'சரி'க்கு மதிப்பில்லை. அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டி விட லைன் கிளியர் வேண்டும். இம்மாதிரி உறுதிமொழிகளுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் தம்மிடம் உள்ள தாளிலிருந்து 'பிரைவேட் நம்பர்' என்ற இரண்டு இலக்க எண் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது பதிவேட்டில் ஏறும். நான் இருந்தது தண்டவாளப் பராமரிப்பில். எந்தக் கிலோமீட்டரில் வேலை, எத்தனை மணி வரை என்று போனில் சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை ரிசீவரை வைக்கமாட்டோம். பெரிய அதிகாரியும் திருப்பிச் சொல்வார், கேங்மேனும் திருப்பிச் சொல்வார். யாருக்கும் அதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

அமெரிக்க உளவியல் அறிஞர் கார்ல் ரோஜர்ஸ் 1952-இல் வெளியான ஒரு கட்டுரையில் இதையே வாக்குவாதத்துக்கு மருந்தாகச் சொன்னார். எதிராளி சொன்ன கருத்தையும் அதிலுள்ள உணர்ச்சியையும் அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொன்ன பிறகுதான் நம் பதிலைத் தொடங்க வேண்டும். பார்வைக்கு எளிது, செய்து பார்த்தால் மிகக் கடினம் என்றும் அவரே எழுதினார்.

எங்கள் குடியிருப்பில் ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். இருவர் இருவராக உட்கார வைக்கிறேன். ஒருவர் இரண்டு நிமிடம் பேச வேண்டும். மற்றவர் அதைத் தம் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். சொந்த வார்த்தை என்பது முக்கியம். நன்னூலார் கிளியை முதல் மாணாக்கர் வரிசையில் வைக்கவில்லை, இடை வரிசையில்தான் வைத்தார்.

'என் லட்சியம்' போன்ற தலைப்புகள் உதவாது. பிள்ளைகள் மனப்பாடம் ஒப்பிக்கிறார்கள். சண்டை விஷயம் கொடுத்தால் காது தானாகத் திறக்கிறது. கிரிக்கெட்டில் தன்னைச் சேர்த்துக்கொள்ளாததைப் பற்றி ஒரு பையன் பேசினான். "இவனுக்குக் கோபம் வந்துச்சு" என்று திருப்பிச் சொன்னான் மற்றவன். "கோபம் இல்லடா, இனிமே கூப்பிடவே மாட்டீங்களோன்னு பயம்" என்றான் முதல் பையன். வகுப்பே அமைதியாகிவிட்டது.

வீட்டுப் பாடமும் உண்டு. பெரியவர் ஒருவர் பெங்களூருக்கு வந்த கதையைக் கேட்டு, அவரிடமே திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு வர வேண்டும். கைப்பேசியில் பதிவு செய்யக் கூடாது. பெற்றோர்களும் அந்த நேரம் தங்கள் கைப்பேசியை ஒதுக்கி வைத்தால் நலம்.

ஒரு சிறுமியின் தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். காலையில் சங்கு ஊதியதும் ஓடுவோம் என்று சொல்லியிருக்கிறார். "தினமும் கோவிலில் சங்கு ஊதுவாங்க, தாத்தா சாமி கும்பிட ஓடுவாங்க" என்று அவள் திருப்பிச் சொன்னாளாம். தாத்தா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மில் சங்கு என்றால் என்ன, அது ஊதிய பிறகு வாசலுக்குப் போனால் என்ன ஆகும், நுழைவாயிலில் யார் நிற்பார் என்று ஒரு மணி நேரம் பேசினாராம். அந்த மாமனார் இவ்வளவு நேரம் பேசிப் பார்த்ததே இல்லை என்று அவள் அம்மா என்னிடம் சொன்னார். அடுத்த வகுப்புக்கு வந்த சிறுமி, இரண்டு நிமிடம் போதாது, பத்து நிமிடம் வேண்டும் என்றாள். கொடுத்தேன்.