மடிக்கும் அடுப்புக்கும் நடுவே

பேராக் மாநிலத்தின் தெற்கு எல்லையில், பெர்ணம் ஆற்றங்கரையில் இருக்கிறது தஞ்சோங் மாலிம். ஆற்றுக்கு அக்கரை சிலாங்கூர். கத்தோயாங், பேராங், சிலிம் ரிவர் என்று இந்த வட்டாரம் முழுக்க ரப்பர்த் தோட்டங்களாக இருந்த காலம் ஒன்று உண்டு. மலாயாத் தோட்டங்களில் லயத்து வீடும் மாட்டுக்கொட்டகையும் சேர்ந்தே இருந்தன. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த மாடுகளின் வழிவந்தவற்றைக் கால்நடை அறிவியலாளர்கள் ‘உள்ளூர் இந்தியக் கறவை மாடு’ என்று தனி வகையாகவே குறிப்பிடுகிறார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மேய்ச்சல் நிலம் சுருங்கியது. ஆனாலும் மாடு வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. புட்டியில் ஊற்றிய பசும்பால் வீட்டு வாசலுக்கு வருவதும் முற்றாக நின்றுவிடவில்லை.

அதே வீட்டு ஐஸ்பெட்டியில் கடையில் வாங்கிய பால் பாக்கெட்டும் இருக்கும். எது உடம்புக்கு நல்லது என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. “காய்ச்சினால் பாலின் உயிர் போய்விடும், கறந்ததை அப்படியே குடியுங்கள்” என்ற அறிவுரை அண்மைக் காலமாக நம்மவர்களிடமும் பரவுகிறது. “பாக்கெட் பால் வெறும் ரசாயனம்” என்பாரும் உண்டு. இரண்டையும் நம்புவதற்கு முன், கறந்த பாலுக்கு என்ன நடக்கிறது, ஆலையில் அதற்கு என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது.

மடியை விட்டு வந்த பிறகு

நோயில்லாத பசுவின் மடிக்குள் இருக்கும் பாலில் நுண்ணுயிர்கள் மிகக் குறைவு. காம்பைத் தாண்டியதும் நிலைமை மாறுகிறது. காம்பின் தோல், வாலில் ஒட்டிய சாணி, கறப்பவரின் கை, பால் பிடிக்கும் வாளி, அந்த வாளியைக் கழுவிய தண்ணீர் எல்லாமே தம் பங்குக்குக் கிருமிகளைச் சேர்க்கின்றன. மாட்டுக்கு மடிநோய் இருந்தால் கிருமி உள்ளிருந்தே வரும்.

பால் மடியிலிருந்து இறங்கும்போது அதன் சூடு சுமார் 38 டிகிரி செல்சியஸ். நம் ஊரில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அதனால் இங்கே பால் தானாக ஆறிக் குளிர்வதில்லை. கிருமிகள் பெருக இதைவிட வசதியான சூடு வேறில்லை. பாலில் லாக்டோபெராக்சிடேஸ் போன்ற இயற்கைக் காப்புப் பொருள்கள் உண்டு. அவை முதல் இரண்டொரு மணி நேரம் கிருமிகளைத் தடுத்து நிறுத்தும். அதன் பிறகு பெருக்கம் தொடங்கிவிடும். அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் கிருமி ஒரு மில்லிலிட்டரில் 1,000 இருந்தால், நான்கு மணி நேரத்தில் அது 2,56,000 ஆகும்.

பச்சைப்பாலில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று மலேசியப் பண்ணைகளிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். தீபகற்ப மலேசியாவின் நான்கு வட்டாரங்களில் 360 பண்ணைகளிலிருந்து 930 பச்சைப்பால் மாதிரிகள் எடுத்துச் செய்த ஆய்வு 2004-இல் வெளியானது. ஏறக்குறைய 90 விழுக்காடு மாதிரிகளில் கோலிஃபார்ம் வகைக் கிருமிகள் இருந்தன. 65 விழுக்காட்டில் ஈ.கோலை இருந்தது. கருவுற்ற பெண்களுக்குக் கருச்சிதைவை உண்டாக்கக்கூடிய லிஸ்டீரியா சுமார் 2 விழுக்காட்டு மாதிரிகளில் காணப்பட்டது. இதற்காக மாட்டுக்காரரைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. வெப்ப நாட்டில், குளிரூட்டும் தொட்டி இல்லாத கொட்டகையில், எவ்வளவு கவனமாகக் கறந்தாலும் நேர்வதுதான் இது.

எண்களாக மட்டும் நின்றுவிடாமல் நோயாகவும் இது நம் நாட்டில் வந்திருக்கிறது. 2010-களின் தொடக்கத்தில் பினாங்கில் காய்ச்சாத ஆட்டுப்பால் வழியாகப் புருசெல்லா நோய் பரவி, 79 பேருக்குத் தொற்று கண்டறியப்பட்டது. வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி, அசதி என்று ஆளை முடக்கும் நோய் அது. புருசெல்லா உள்ள ஆடு பார்வைக்கு நலமாகவே இருக்கக்கூடும். நோய்க்கிருமி இருப்பதால் மட்டும் பாலின் நிறமோ மணமோ சுவையோ மாறிவிடுவதில்லை. “எனக்குத் தெரிந்தவர் மாடு, சுத்தமான மாடு” என்ற நம்பிக்கை பரிசோதனைக்கு ஈடாகாது என்று சொல்வது இதனால்தான்.

பதினைந்து வினாடி வேலை

லூயி பாஸ்டர் 1860-களில் சூட்டின் துணையால் காப்பாற்ற முயன்றது பாலை அல்ல, திராட்சை மதுவை. கொதிக்கவிடாமல் மிதமாகச் சூடாக்கினாலே மதுவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன என்று அவர் காட்டினார். குழந்தைகளுக்கான பாலுக்கு அந்த முறையைப் பயன்படுத்தலாம் என்று 1886-இல் முன்மொழிந்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் பிரான்ஸ் வான் சாக்ஸ்லெட். அக்காலத்து மேலை நகரங்களில் மாட்டுக் காசநோய் பால் வழியாகக் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்தது. 1908-இல் சிகாகோ நகரம் பாலைப் பாஸ்டரைஸ் செய்வதைச் சட்டமாக்கியது.

இன்று பெரிய பால் ஆலைகளில் இந்த வேலையைச் செய்வது தகட்டு வெப்பமாற்றி. 1923-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் செலிக்மன் உருவாக்கியது. மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் புத்தகத்தின் தாள்களைப் போல நெருக்கமாக அடுக்கி இறுக்கப்பட்டிருக்கும். ஒரு தகட்டின் இந்தப் பக்கம் பால் ஓடும், அந்தப் பக்கம் வெந்நீர் ஓடும். இரண்டும் கலப்பதில்லை, சூடு மட்டும் கைமாறும்.

இந்த எந்திரத்தின் சிறப்பு அதன் சிக்கனம். 4 டிகிரி குளிரில் உள்ளே வரும் பச்சைப்பாலை, ஏற்கெனவே சூடாகி வெளியே போகும் பாலே முதலில் சூடேற்றிவிடும். குளிர்ந்த பால் சூடாகிறது, சூடான பால் குளிர்கிறது. தேவையான சூட்டில் பத்தில் ஒன்பது பங்கு இப்படியே கிடைத்துவிடும். மிச்சத்தை வெந்நீர் கொடுக்கும். பால் 72 டிகிரியை எட்டியதும் ஒரு நீளமான குழாய்க்குள் போகும். அதைக் கடக்கக் குறைந்தது 15 வினாடி ஆகும்படி குழாயின் நீளம் கணக்கிடப்பட்டிருக்கும். குழாயின் முடிவில் ஒரு வால்வு. பால் 72 டிகிரிக்குக் கீழே வந்தால் அது தானாகத் திரும்பி, பாலை மறுபடி தொடக்கத்துக்கே அனுப்பிவிடும். ஏதாவது ஒரு தகட்டில் ஓட்டை விழுந்தால்கூடப் பச்சைப்பால் சூடாக்கிய பாலோடு கலக்காதபடி, சூடாக்கிய பால் ஓடும் பக்கத்தில் அழுத்தத்தைக் கூடுதலாக வைத்திருப்பார்கள்.

ஏன் 72 டிகிரி, ஏன் 15 வினாடி? கியூ காய்ச்சலை உண்டாக்கும் காக்ஸியெல்லா என்ற கிருமி சூட்டைத் தாங்கும் திறன் கொண்டது. ஒரு லட்சம் காக்ஸியெல்லா இருந்தால் அதை ஒன்றாகக் குறைக்கும் அளவுக்கு இந்தச் சூடும் நேரமும் போதும். அதைவிட மென்மையான காசநோய்க் கிருமி, புருசெல்லா, சால்மொனெல்லா, லிஸ்டீரியா எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். சூடு சரியாக ஏறியதா என்று அறியவும் எளிய வழி உண்டு. பாலில் இயற்கையாக உள்ள ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி ஏறக்குறைய அதே சூட்டில்தான் அழிகிறது. அது மிஞ்சியிருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

சிறிய பண்ணைக்கு இவ்வளவு பெரிய எந்திரம் வேண்டியதில்லை. ஒரு தொட்டியில் 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துக் கிளறினாலும் அதே பலன் கிடைக்கும். மாதக்கணக்கில் வெளியே வைக்கக்கூடிய யுஎச்டி பால் 135 டிகிரிக்கு மேல் சில வினாடி சூடாக்கப்பட்டு, கிருமி நீக்கிய பெட்டியில் அடைக்கப்படுவது. அது கெடாமல் இருப்பதற்குக் காரணம் சூடும் அடைப்பும்தான். அதற்கென்று எந்த மருந்தும் கலக்கத் தேவையில்லை.

பாக்கெட் பாலில் ஆடை திரளாமல் இருப்பதும் பலருக்குச் சந்தேகத்தைத் தருகிறது. அதற்குக் காரணம் ஹோமோஜினைஸ் செய்வது. மிகுந்த அழுத்தத்தில் பாலை நுண்ணிய இடுக்கு வழியே செலுத்தும்போது கொழுப்புத் துளிகள் ஒரு மைக்ரான் அளவுக்கு உடைகின்றன. அவ்வளவு சிறிய துளிகள் மேலே மிதந்து திரள்வதில்லை. பாலிலிருந்து எதுவும் எடுக்கப்படுவதும் இல்லை, சேர்க்கப்படுவதும் இல்லை.

சூட்டில் போவது என்ன?

பாலை நாம் குடிப்பது முதன்மையாகப் புரதத்துக்கும் கால்சியத்துக்கும் ரிபோபிளேவினுக்கும் பி12-க்கும். கால்சியத்துக்குச் சூட்டால் ஒன்றும் ஆவதில்லை. புரதம் வடிவம் மாறினாலும் சத்தில் குறைவதில்லை. ரிபோபிளேவின் சூட்டைத் தாங்கும், அதற்குப் பகை வெளிச்சம். பி1, பி12, போலேட், சி ஆகிய வைட்டமின்கள் பாஸ்டரைஸ் செய்வதில் கொஞ்சம் குறைகின்றன, வீட்டில் நெடுநேரம் கொதிக்கவிட்டால் இன்னும் குறைகின்றன. ஆனால் வைட்டமின் சி பாலில் தொடக்கத்திலேயே சொற்பம். ஒரு கொய்யாப் பழம் அதை ஈடுகட்டிவிடும்.

பச்சைப்பால் குடித்தால் லாக்டோஸ் செரியாமை வராது என்பார்கள். லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதியைப் பசு தன் பாலில் தருவதில்லை, அது நம் குடலில் சுரக்க வேண்டியது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லாக்டோஸ் செரியாமை உள்ள 16 பேருக்குப் பச்சைப்பாலையும் பாஸ்டரைஸ் செய்த பாலையும் கொடுத்துப் பார்த்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். பச்சைப்பாலால் தொந்தரவு குறையவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் பச்சைப்பால் பக்கம் கவனிக்கத்தக்க சான்று இருக்கிறது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்துப் பண்ணைகளில் வளர்ந்து காய்ச்சாத பால் குடித்த குழந்தைகளுக்கு ஆஸ்துமா குறைவாக இருந்ததை ஆய்வுகள் கண்டன. சூட்டில் சிதையும் மோர்ப்புரதங்கள் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஆனால் அந்தக் குழந்தைகள் மாட்டோடும் வைக்கோலோடும் பிறந்ததிலிருந்து பழகியவர்கள், பாலை மட்டும் பிரித்துக் காரணம் சொல்வது கடினம். ஆய்வைச் செய்தவர்களே இதைக் கொண்டு பச்சைப்பால் கொடுக்கும்படி யாருக்கும் பரிந்துரைக்கவில்லை.

பச்சைப்பாலில் ‘நல்ல கிருமிகள்’ இருக்கின்றன என்ற வாதத்துக்கு நம் வீட்டுச் சமையலறையே பதில் வைத்திருக்கிறது. புது வீடு போனால் பால் காய்ச்சுவதும் பொங்கலன்று பால் பொங்கவிடுவதும் நம் மரபு. தயிர் வேண்டுமென்றால் பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, பிறகுதான் உறை ஊற்றுகிறோம். முதலில் எல்லாக் கிருமியையும் அடக்கிவிட்டு, நமக்கு வேண்டிய கிருமியை மட்டும் நாமே விடுகிறோம். லாக்டோஸில் ஒரு பகுதியை அந்தக் கிருமிகளே தின்றுவிடுவதால் பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது. பச்சைப்பாலை அப்படியே குடிப்பதைத் ‘தாத்தா பாட்டி முறை’ என்று சொல்வது அவர்களுக்கு நியாயம் செய்வதாகாது.

நாம் கவனிக்க மறந்த பால்

‘பதப்படுத்திய பால்’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவதால் ஒரு பெரிய ஆபத்து நம் கண்ணில் படாமல் போகிறது. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்புக் கெட்டிப்பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தூண்டும் வியாபாரத்தை அவர் நேருக்கு நேராகக் கண்டித்தார். கிருமி இல்லாத பால்தான் அது. ஆனாலும் குழந்தைகளை வாட்டியது. சூடு செய்த குற்றமல்ல அது. சத்துக்குப் பதிலாகச் சர்க்கரை நிறைந்திருந்ததுதான் காரணம்.

அந்தக் கெட்டிப்பால் இன்று நம் தே தாரிக்கில் இருக்கிறது. அதில் நூறு கிராமுக்கு 40 கிராமுக்கு மேல் சேர்த்த சர்க்கரை. பல டின்களில் ‘கிரிமர் மானிஸ்’ என்றுதான் அச்சிட்டிருக்கும், அதன் கொழுப்பு பாலிலிருந்து வந்ததல்ல, செம்பனை எண்ணெயிலிருந்து வந்தது. 2019-இன் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. காலையில் பச்சைப்பாலா பாக்கெட் பாலா என்று வாதிட்டுவிட்டு, மாலைக்குள் மூன்று குவளை இனிப்புத் தேநீர் குடிக்கிற நம் வழக்கத்தை இந்த எண்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

மாட்டுக்காரரிடம் பால் வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள். ஆனால் வந்தவுடன் காய்ச்சுங்கள். பொங்கி வந்த பிறகு கிளறியபடி ஓரிரு நிமிடம் போதும். ஆறியதும் ஐஸ்பெட்டியில் வையுங்கள். காய்ச்சிய பாலையும் மேசைமேல் அரை நாள் விடக்கூடாது. சூட்டைத் தாங்கும் வித்துக்கள் மறுபடி முளைக்கும், சில கிருமிகள் முன்பே விட்ட நஞ்சு கொதித்தாலும் அழியாது. பாஸ்டரைஸ் செய்த பாக்கெட் பாலைக் குளிரில் வைத்திருந்தால் மறுபடி காய்ச்ச வேண்டிய கட்டாயமில்லை. கருவுற்றவர்கள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் காய்ச்சாத பாலை வாயில் வைக்கவே கூடாது. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு எந்தப் பசும்பாலும் தாய்ப்பாலுக்கு மாற்றாகாது.

பால் தருபவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். எப்போது கறந்தது? கறந்ததும் குளிரவைத்தீர்களா? மாடுகளுக்குப் புருசெல்லா, காசநோய்ச் சோதனை நடந்ததா? கேட்பது அவமதிப்பல்ல, அவர் உழைப்புக்கு நாம் தரும் மதிப்பு. மூன்றுக்கும் நல்ல பதில் சொல்லக்கூடியவருக்குக் கூடுதல் விலை கொடுப்பதும் நியாயம்.

மலேசியாவில் கால்நடைச் சேவைத் துறை அமைத்த பால் சேகரிப்பு நிலையங்கள் வழியே பால் சோதிக்கப்பட்டு, குளிரூட்டப்பட்டு ஆலைகளுக்குப் போகும் ஏற்பாடு இருக்கிறது. அந்த வலைக்கு வெளியே, ஐந்தாறு மாடுகளோடு பிழைக்கும் குடும்பங்களுக்கும் ஒரு சிறு குளிரூட்டும் தொட்டியும் 63 டிகிரி அரைமணித் தொட்டியும் எட்ட வேண்டும். நாலைந்து வீட்டார் சேர்ந்து வாங்கினால்கூடப் போதும். தோட்டத்து மாட்டுக்கொட்டகையில் தொடங்கிய இந்தத் தொழில், மாட்டுக்காரர் தன் பெயரை ஒட்டி நம்பிக்கையோடு கடைக்கு அனுப்பும் பாலாக வளர அந்த இரண்டு தொட்டிகளே வழி. காய்ச்சாத பாலைப் புகழ்வதைவிட அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.