மேட்டுப்பாளையத்துத் தண்ணீர்

ஜனவரி விடியற்காலையில் நீலகிரி மலையில் கேத்தி பாலாடா பக்கம் போனால், கேரட் தோட்டங்கள் உப்பைத் தூவினாற்போல் வெளுத்துக் கிடக்கும். ‘பனி விழுந்திருக்கு’ என்போம். ஆனால் உறைபனி மேலிருந்து விழுவதில்லை. காற்றிலிருக்கும் ஈரம் இலையின் மேலேயே உறைந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டு வீட்டைவிடப் பள்ளத்துத் தோட்டம் அதிகம் வெளுப்பது அதனால்தான்.

இதே வேலை லாரிக்கு உள்ளேயும் நடக்கும்!

மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட்டை இறக்கிவிட்டு மாலையில் மலையேறி வந்த லாரி ஒன்று. ஓட்டுநர் குனிந்து, வண்டிக்கு அடியிலிருக்கும் ஏர் டேங்க்கின் வளையத்தைப் பிடித்து இழுக்கிறார். ‘புஸ்ஸ்...’ காற்றோடு கலங்கலான தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் தெறிக்கின்றன. மழை இல்லை. டேங்க்கும் மூடித்தான் இருந்தது. தண்ணீர் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி, கீழே மேட்டுப்பாளையத்துக் காற்றிலிருந்து.

லாரியின் பிரேக் அழுத்தக் காற்றில் இயங்குவது. அந்தக் காற்றை கம்ப்ரஸர் இழுத்து, ஏறக்குறைய எட்டு மடங்கு நெருக்கி டேங்க்கில் அடைக்கிறது. கீழே 30 டிகிரி வெயிலில் 1,000 லிட்டர் காற்றில் 15 கிராம் நீராவி இருப்பது சாதாரணம். அதை 125 லிட்டருக்குள் நெருக்கி 0 டிகிரிக்குக் குளிர்வித்தால், முக்கால் கிராம்கூட ஆவியாக நிற்காது. மிச்சம் 14 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீராகி அடியில் தங்கிவிடும். நாள் முழுக்க எத்தனை ஆயிரம் லிட்டர் உள்ளே போகும், பாருங்கள்!

சொகுசுப் பேருந்துகளில் காற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வில்போல் வளைந்த இரும்புப் பட்டைகளுக்குப் பதில், ரப்பர் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும். ஆட்கள் ஏற ஏற வண்டி தாழும். உடனே ஒரு சின்னக் கம்பி அசைந்து வால்வைத் திறக்க, பைக்குள் காற்று புகுந்து வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிடும். அந்த வால்வில் கடுகளவு பனிக்கட்டி அடைத்தால் போதும், பேருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். பிரேக் குழாயில் அடைத்தாலோ ஆபத்து.

புதுச் செருப்புப் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் மணிகள் ஒரு பொட்டலத்தில் இருக்குமே? கம்ப்ரஸருக்கும் டேங்க்குக்கும் நடுவே அதுபோன்ற மணிகள் நிறைந்த டப்பா ஒன்றைப் பொருத்துவார்கள். ஏர் டிரையர் என்று பெயர். டேங்க் நிரம்பியதும், உலர்ந்த காற்று கொஞ்சம் பின்பக்கமாகத் திரும்பி, மணிகளில் ஏறிய ஈரத்தை வெளியே தள்ளும். நிறுத்தத்தில் பேருந்து திடீரென ‘புஸ்’ என்று தும்முகிறதே, பல சமயம் அது இதுதான். மணிகளில் எண்ணெய் படிந்துவிட்டால் ஈரம் பிடிக்காது. டப்பாவை மாற்றத்தான் வேண்டும்.

டேங்க் வளையத்தை ஓட்டுநர் ஏன் மாலையிலேயே இழுக்கிறார், காலையில் செய்தால் என்ன? காலையில் இழுத்து ஒரு சொட்டும் வராவிட்டால், டேங்க் காய்ந்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். தண்ணீர் உள்ளே கட்டியாகிக் கிடக்கும்.