இளவயதுப் புகைப்போரும் சுவாசப்பை நோயின் தொடக்கமும்: ஒரு சமூகவியல் நோக்கு

ஒரு நோய் எப்போது தொடங்குகின்றது என்னும் வினா வைத்தியத் துறைக்கு மட்டும் உரியதன்று. தொடக்கத்தை எங்கே வைக்கின்றோம் என்பதைப் பொறுத்தே காரணம் எது, பொறுப்பு யாருடையது என்பனவும் தீர்மானிக்கப்படுகின்றன. நாட்பட்ட சுவாசத் தடை நோய் பற்றிய ஆய்வின் வரலாறு இதனை நன்கு புலப்படுத்துகின்றது. கைத்தொழில் முதலாளித்துவத்தின் தாயகமாகிய பிரித்தானியாவின் அனுபவத்தையே நாம் இங்கு முதன்மையாக நோக்குவோம்.

இந்நோய் பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதிலேயே கண்டறியப்படுகின்றது. ஆயின் அது அப்போது தோன்றுவதன்று. ஹொக், மக்லெம், தேர்ல்பெக் ஆகியோர் 1968இல் வெளியிட்ட ஆய்வு, காற்றோட்டத் தடை 2 மில்லிமீற்றருக்கும் குறைந்த விட்டமுடைய சிறு மூச்சுக்குழாய்களிலேயே பெரிதும் ஏற்படுவதைக் காட்டிற்று. நலமான சுவாசப்பையில் மொத்தத் தடைக்கு இக்குழாய்களின் பங்கு மிகச் சிறிது. எனவே அவற்றுட் பல சிதைந்த பின்னரும் வழமையான மூச்சுப் பரிசோதனை மாற்றம் எதனையும் காட்டாதிருக்கலாம். இப்பகுதியை ஆய்வாளர் 'மௌன வலயம்' என அழைத்தமை பொருத்தமே.

மேற்கு இலண்டனில் வேலைசெய்த 792 ஆண்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த ஆய்வின் முடிவுகளை பிளெச்சரும் பீற்றோவும் 1977இல் சுருக்கி வெளியிட்டனர். முதல் ஒரு செக்கனில் ஒருவர் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவே அவர்தம் அளவுகோல். அது வயதுடன் எல்லோரிடத்தும் குறைகின்றது. புகைப்போருள் ஒரு பகுதியினரிடம் விரைந்து குறைகின்றது. புகைத்தலை நிறுத்தியோர் இழந்ததை மீளப் பெறுவதில்லை. ஆயினும் அதன்பின் குறையும் வேகம் புகையாதோரின் வேகத்தை அண்மிக்கின்றது. இளமையிலேயே நோயைத் தேடுவதற்கான நியாயம் இம்முடிவிலேயே தங்கியுள்ளது.

அண்மைக்கால ஆய்வுகள் இத்தடத்திலேயே செல்கின்றன. 2018இல் முன்வைக்கப்பட்ட ஒரு வரையறை, 50 வயதுக்குட்பட்டு, குறைந்தது 10 பொதி-ஆண்டுகள் புகைத்தவரிடம் (நாளுக்கு 20 சிகரட் வீதம் ஓராண்டு புகைப்பது ஒரு பொதி-ஆண்டு) நோயின் தொடக்க அடையாளங்களைத் தேடுமாறு கூறுகின்றது. மூச்சுப் பரிசோதனையிலோ சி.ரி. படத்திலோ காணும் மாறுபாடும், ஆண்டுக்கு 60 மில்லிலீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட வீழ்ச்சியும் அவ்வடையாளங்களாகும். பிரித்தானியாவிலும் 30 முதல் 45 வயது வரையான புகைப்போரைத் திரட்டி ஆராயும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது.

இங்குதான் வர்க்கப் பிரச்சினை மேற்கிளம்புகின்றது. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, இந்நோய்க்கு ஆளானோருள் ஏறத்தாழ அரைவாசிப்பேர் 40 வயதுக்கு முன்னரே குறைந்த சுவாசத் திறன் உடையவர்களாயிருந்தனர். அவர்களது வீழ்ச்சி விரைவானதன்று. அவர்கள் முழு வளர்ச்சியை எட்டாதவர்கள். குறைமாதப் பிறப்பு, குழந்தைப்பருவச் சுவாசத் தொற்று, மாசுற்ற காற்று, பெற்றோரின் புகை ஆகியன இத்தகைய குறைவளர்ச்சியுடன் தொடர்புடையன. இவை வறிய வீடுகளிலேயே செறிந்து காணப்படுவன. அங்ஙனமாயின் நோயின் தொடக்கம் முதற் சிகரட்டுக்கும் முந்தியது எனல் வேண்டும்.

தொழிலும் இவ்வாறே. பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நாட்பட்ட மார்புச்சளி நோயும் சுவாசப்பை வீக்கமும் தொழில்சார் நோய்களாக 1993இலேயே ஏற்கப்பட்டன. அதுவும் நிலத்தடியில் 20 ஆண்டுகள் உழைத்தோர்க்கே. அதுவரை அவர்தம் மூச்சிளைப்பைச் சிகரட்டின் கணக்கில் எழுதிவிடுதல் எளிதாயிருந்தது.

இதிலிருந்து, புகையிலையைக் குறைகூறுவதே தொழிலாளருக்கு எதிரானது என முற்போக்காளர் சிலர் முடிவுசெய்யக்கூடும். அதனை நாம் ஏற்பதற்கில்லை. சிகரட்டும் ஒரு பண்டமே. அதன் இலாபம் கம்பனிக்குச் செல்கின்றது. சேதம் தொழிலாளியின் உடலில் தங்குகின்றது. தூசும் புகையும் ஒன்றையொன்று மறுக்கும் காரணங்களல்ல. ஒரே மார்பில் ஒன்றுசேர்பவை.

ஆகவே முப்பது வயதினரின் மூச்சை அளக்கும் ஆய்வை நாம் வரவேற்றல் வேண்டும். காத்துக்கொள்ளப் பெரும்பகுதி எஞ்சியிருக்கும் வயது அது. ஆயின் அந்த அளவைத் தனிமனிதனின் மனவுறுதிக் குறைவுக்குச் சான்றாக மட்டும் வாசிப்போமாயின், மௌன வலயம் சுவாசப்பையில் மட்டுமன்றி நமது ஆய்விலும் உண்டென்றே கொள்ளல் வேண்டும்.