கொசுவுக்கு இலாகா கிடையாது
யானைக்கால் நோயை விரட்ட மாத்திரை மட்டும் போதாது என்பதைச் சேர்த்தலையின் குளங்கள் நிரூபித்தன. மட்டாஞ்சேரியின் கால்வாய்கள் அந்தப் பாடத்துக்காகக் காத்திருக்கின்றன

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் நடந்தால் மிளகும் சுக்கும் மணக்கும். ஒரு சந்து திரும்பினால் போதும், அந்த மணம் போய்த் தேங்கிய கால்வாயின் நாற்றம் வந்துவிடும். அரண்மனையையும் யூதத் தெருவையும் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிறார்கள். கால்வாய் ஓரத்தில் குடியிருப்பவர்கள் எங்கே போவது? பொழுது சாய்ந்தால் அவர்களுக்குத் துணை கொசுதான்.

இந்த ஊருக்கும் கொசுவுக்கும் உள்ள உறவு பழையது. யானைக்கால் நோய்க்கு வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த பெயர்களில் ஒன்று 'கொச்சின் கால்'. 1886ல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் அந்தச் சொல் இடம்பெற்றிருக்கிறது. புனித தோமையாரைக் கொன்றவர்களின் சந்ததிக்கு வந்த சாபம் என்று அதற்கும் முன்னால் வந்த ஐரோப்பியப் பயணிகள் கதை எழுதிவைத்தார்கள்.

சாபம் அல்ல, புழு. நூல் போன்ற புழுக்கள் நிணநீர் நாளங்களில் பல ஆண்டுகள் குடியிருக்கின்றன. அவற்றின் குஞ்சுகள் இரவில் ரத்தத்தில் உலவும். கடிக்கும் கொசு அவற்றை உறிஞ்சி, சில நாட்கள் வளர்த்து, அடுத்த மனிதனுக்குக் கொடுக்கும். இந்த நோயில் கொசுவுக்குப் பங்கு உண்டு என்று பாட்ரிக் மேன்சன் கண்டறிந்தது 1877ல், சீனாவின் அமோய் துறைமுகத்தில்.

கொச்சி நகரத்தில் நோயைப் பரப்புவது க்யூலெக்ஸ் கொசு. சாக்கடை, மலக்குழி, அழுக்குநீர் எங்கே தேங்கினாலும் அதற்குப் பிறந்த வீடு. கொச்சிக்குத் தெற்கே ஆலப்புழை மாவட்டத்தின் சேர்த்தலையில் கதை வேறு. அங்கே புழுவும் வேறு இனம், கொசுவும் வேறு இனம். மேன்சன் பெயரையே தாங்கிய மேன்சோனியா என்ற அந்தக் கொசு சாக்கடையை நாடுவதில்லை. ஆகாயத்தாமரை மிதக்கும் குளத்தைத்தான் தேடும். அதன் புழு தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு விடாது. செடியின் வேரைத் துளைத்து அதிலிருக்கும் காற்றை இழுத்துக்கொள்ளும். செடி இல்லையேல் கொசு இல்லை.

இதை எம்.ஓ.டி. ஐயங்கார் என்ற பூச்சியியல் அறிஞர் 1930களிலேயே திருவிதாங்கூரில் ஆராய்ந்து சொல்லிவிட்டார். செடியை அகற்றியும் காட்டினார். ஆனாலும் அரை நூற்றாண்டு கழித்துச் சேர்த்தலையில் நோய் இருந்தது. காரணம், செடியை அகற்றினால் மறுபடி முளைக்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அங்கே வீட்டுக்கு வீடு குளம். அதில் மிதக்கும் ஆகாயத்தாமரை தென்னைக்கு நல்ல தழையுரம். சுகாதாரத் துறைக்குக் களையாகத் தெரிந்தது விவசாயிக்கு உரமாகத் தெரிந்தது. உரத்தை யார் தூக்கி எறிவார்?

1986ல் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் சேர்த்தலைக்கு வந்தபோது பிடித்துக்கொண்ட நுனி இதுதான். செடியை எடு என்று உத்தரவு போடுவதைவிட, எடுத்தால் என்ன லாபம் என்று காட்டினார்கள். தழைக்குப் பதிலாக கிளைரிசிடியா வளர்க்கச் சொன்னார்கள். சுத்தமான குளத்தில் மீன் வளர்க்கலாம். செடியைத் தின்னும் மீனை விட்டால் களை எடுக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். மீன் வளர்க்கக் கடன் வேண்டுமா, வங்கி வந்தது. பள்ளிகளில் 'ஃபில்கோ' என்ற பெயரில் மாணவர் சங்கங்கள் உருவாயின. வானொலி பேசியது. ரத்தப் பரிசோதனையும் மருந்தும் இதோடு சேர்ந்தே நடந்தன.

மருத்துவர் மட்டும் வந்திருந்தால் மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருப்பார். மீன்காரர் மட்டும் வந்திருந்தால் மீனோடு போயிருப்பார். ஒரே குளத்தைச் சுற்றி எல்லோரும் நின்றதால்தான் கொசுவும் குறைந்தது, ரத்தத்தில் புழுவும் குறைந்தது.

மட்டாஞ்சேரியில் இந்த வித்தையை அப்படியே செய்துவிட முடியாது. சாக்கடையில் மீன் வளராது. சாக்கடையைச் சுத்தம் செய்பவருக்கு லாபமும் இல்லை. மேற்குக் கொச்சியின் பெரும்பாலான வீடுகளுக்குக் கழிவுநீர்க் குழாய் கிடையாது, மலக்குழிதான். குழாய் போடுவது கேரள நீர் ஆணையத்தின் பொறுப்பு. தெருவோரச் சாக்கடை மாநகராட்சியுடையது. கால்வாய் போய்ச் சேரும் காயலில் துறைமுகத்துக்கும் பங்குண்டு. மருந்தடிப்பதும் மாத்திரை கொடுப்பதும் சுகாதார ஊழியர்கள். கல்வத்தி, ராமேஸ்வரம் கால்வாய்களைத் தூர்வாரும் பேச்சு மழைக்காலத்துக்கு மழைக்காலம் எழுகிறது. வெயில் வந்ததும் அடங்கிவிடுகிறது. இலாகாக்களுக்கு எல்லை உண்டு. கொசுவுக்கு அது கிடையாது. எல்லைகளின் இடுக்கில்தான் அது முட்டையிடுகிறது.

ஆனால் சேர்த்தலைக்கு அன்று இல்லாத ஒரு வசதி இன்று இங்கே இருக்கிறது. 1996ல் தொடங்கிய மக்கள் திட்டம் வார்டு அளவில் பணத்தையும் முடிவையும் உள்ளாட்சிகளின் கையில் கொடுத்தது. 1998ல் குடும்பஸ்ரீ பிறந்து பெண்களை அயல்கூட்டங்களாகச் சேர்த்தது. பின்னால் ஆஷா ஊழியர்கள் வந்தார்கள். எந்த வீட்டின் மலக்குழி மூடியில்லாமல் இருக்கிறது, யாருடைய கால் வீங்கியிருக்கிறது என்று கோப்பைப் புரட்டாமலே சொல்லக்கூடியவர்கள் இவர்கள்தான். மலக்குழியின் காற்றுக்குழாய்க்கு வலை கட்டுவது போன்ற சிறிய வேலைக்குப் பொறியாளர் தேவையில்லை.

மாத்திரையை அலட்சியம் செய்ய முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை டி.இ.சி.யும் அல்பெண்டசோலும் கொடுக்கும் இயக்கம் நாட்டின் பல பகுதிகளில் நோயைப் பெருமளவு அடக்கியிருக்கிறது. ஆனால் வாங்குகிறவர் எல்லாரும் விழுங்குவதில்லை. நோய் இல்லாதவன் எதற்கு மாத்திரை தின்ன வேண்டும் என்ற கேள்விக்கு வாசலில் நிற்கும் பெண்தான் பதில் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் சொன்னால் எடுபடும்.

ஏற்கெனவே கால் வீங்கியவர்களுக்கு மாத்திரையால் பழைய கால் திரும்பாது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, புண்ணுக்கு மருந்திட்டு, காலை உயர்த்தி வைத்துக்கொண்டால் அடிக்கடி வரும் காய்ச்சலும் வலியும் வெகுவாகக் குறையும். செலவு குறைவு. ஆனால் வீட்டில் நல்ல தண்ணீர் வேண்டும், சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். இங்கேயும் குடிநீர்க் குழாயும் மருத்துவமனையும் கைகோர்த்தே ஆகவேண்டும்.

அண்டை நாடான இலங்கை 1947ல் யானைக்கால் ஒழிப்புக்கென்றே தனி இயக்கம் தொடங்கியது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நோய் அங்கே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016ல்தான். ஏறக்குறைய எழுபது ஆண்டு உழைப்பு. இந்தியா தனக்கு வைத்திருக்கும் கெடு 2027. நோய் இன்னும் மிகுந்திருக்கும் பீகார், உத்தரப்பிரதேசத்திலிருந்து தொழிலாளர்கள் கேரளத்துக்கு வேலைக்கு வருகிறார்கள். இரவில் ரத்தம் எடுத்துப் பார்த்து மருந்து கொடுத்தால் புழு அவர்களோடு நிற்கும். கால்வாய் இப்படியே கிடந்தால், காத்திருக்கும் கொசு அதை அடுத்தவருக்குக் கொண்டுபோகும்.

கொச்சியின் பெயரை ஒரு காலத்தில் நோய்க்கு வைத்தார்கள். அந்தப் பெயர் அகராதியோடு நிற்க வேண்டுமானால், கால்வாய்க் கரையில் எல்லா இலாகாக்களும் ஒருநாள் சேர்ந்து நிற்க வேண்டும். கொசுவோ தினமும் அங்கேதான் நிற்கிறது.