காணப்படாத மட்டக்குறிகள்: தேடலின் தோல்வியைப் பதிவு செய்தல் பற்றிய சில குறிப்புகள்

நில அளவையாளர் ஒருவர் பழைய பதிவேட்டில் உள்ள ஒரு மட்டக்குறியைத் தேடிச் சென்று, அதனைக் காணாது திரும்புவாராயின், அவர் எழுதவேண்டியது யாது? ‘காணப்படவில்லை’ என்னும் ஒரு சொல் போதும் என்று பலரும் கருதுவர். அந்த ஒரு சொல்லினுள் தம்முள் வேறான பல நிலைமைகள் மறைந்து கிடக்கின்றன என்பதும், அவற்றைப் பிரித்து எழுதாமையால் பின்வரும் ஆய்வுகள் ஊறுபடுகின்றன என்பதும் எமது கருத்தாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியை, சிறப்பாக மருதனார்மடம் சந்தியைச் சூழ்ந்த நிலப்பரப்பை, எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கருத்தினை விளக்க முற்படுகின்றோம்.

மட்டக்குறியும் அதன் பயனும்

கடலின் சராசரி மட்டத்திலிருந்து ஓரிடம் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதை நுணுக்கமாக அளந்து, அவ்வுயரத்தை நிலையான ஒரு பொருளின் மீது பொறித்து வைப்பதே மட்டக்குறியாகும். அளவையாளர் இதனைப் பெஞ்ச்மார்க் என வழங்குவர். நிலத்தில் நட்ட கல், பாலத்தின் கைப்பிடிச்சுவர், மதகு, புகையிரத நிலைய மேடை, கோவிலின் அல்லது தேவாலயத்தின் அடித்தளம் முதலியன இதற்குரிய இடங்களாகக் கொள்ளப்படுவது வழக்கம். காணியின் எல்லையைக் காட்டும் எல்லைக்கல் வேறு; மட்டக்குறி வேறு. முன்னது ஒருவரது உடைமையைக் காட்டுவது. பின்னது எவருக்கும் உரியதன்று. ஆதலால் அதனைக் காப்பதற்கும் எவரும் முன்வருவதில்லை.

இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் நிறுவப்பட்டது. ஓரங்குல இடவிளக்கப்படங்களுக்கான அளவை 1897இல் தொடங்கி 1924இல் நிறைவுற்றது. தீவு முழுவதும் 72 தாள்களில் அமைந்தது. தீவின் முதன்மை மட்டமளத்தல் 1926க்கும் 1930க்கும் இடையில் நடைபெற்றது. இவ்வாறு பெறப்பட்ட உயரங்கள் ஏடுகளில் உள்ளன. ஆயினும், நிலத்திலுள்ள குறி அழிந்துவிடின் ஏட்டிலுள்ள எண்ணால் நேரடிப் பயன் எதுவுமில்லை. எண்ணும் கல்லும் சேர்ந்தே மட்டக்குறியாகும்.

குடாநாட்டின் தனிநிலை

மலைநாட்டில் ஒரு சாண் உயர வேறுபாடு பெரிதும் பொருட்படுத்தப்படுவதில்லை. குடாநாட்டில் அவ்வாறன்று. இங்கு மலையுமில்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுமில்லை. மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கிய மழைநீரே குடிநீரும் பாசன நீருமாகும். அந்நன்னீர் வில்லை வடிவில் உவர்நீரின் மீது மிதக்கின்றது. நன்னீரின் அடர்த்தியை 1.000 எனவும் கடல்நீரின் அடர்த்தியை 1.025 எனவும் கொள்ளின், கைபன், ஹேர்ஸ்பேர்க் என்போர் காட்டிய தொடர்பின்படி, கடல் மட்டத்திற்கு மேலே நிற்கும் ஒவ்வொரு மீற்றர் நன்னீருக்கும் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் உண்டு.

இதன் விளைவு தெளிவானது. கிணற்று நீரின் உயரத்தைக் கணிப்பதில் 10 சதமமீற்றர் பிழை நேரின், நன்னீரின் ஆழத்தைப் பற்றிய மதிப்பீட்டில் 4 மீற்றர் பிழை நேரும். கிணற்றுக் கட்டிலிருந்து நீர்வரை கயிறு விட்டு அளத்தல் எவர்க்கும் எளிது. கிணற்றுக் கட்டு கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதற்கோ அண்மையிலுள்ள மட்டக்குறியையே நாடவேண்டும். இணுவிலிலும் உடுவிலிலும் மருதனார்மடத்திலும் சுன்னாகத்திலும் உள்ள கிணறுகளின் நீர்மட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட, அவை யாவும் ஒரே அடிப்படையிலிருந்து அளக்கப்பட்டிருத்தல் இன்றியமையாதது.

இது வெறும் ஏட்டுப் பிரச்சினையன்று. சுன்னாகம் மின்னிலையச் சூழலில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தமை 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரும் பொதுப் பிரச்சினையாக எழுந்தது; 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. ஒரு மாசு நிலத்தின் கீழ் எத்திசை நோக்கிச் செல்லும் என்று கேட்போமாயின், விடை நீர்மட்டச் சரிவிலேயே தங்கியுள்ளது. தட்டையான இந்நிலத்தில் அச்சரிவு மிகச் சிறிது. மட்டக்குறிகளில் நம்பிக்கை வைக்க முடியாதபோது சரிவின் திசையும் ஐயத்துக்கு இடமாகின்றது. தன் கிணற்று நீரைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று கேட்கும் குடியானவரின் கேள்வியும், வீதியோரத்தில் மறைந்துபோன ஒரு கல்லும் இவ்வாறு ஒன்றோடொன்று தொடர்புறுகின்றன.

1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டமும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்கும் உப்பாற்றுக்கும் கொண்டுவருதல் அதன் சாரம். சிறிய மட்ட வேறுபாடுகளை நம்பி நீரை நடத்தும் இத்தகைய திட்டம் எதுவும் நம்பகமான மட்டக்குறிகளின்றிக் கைகூடாது.

செய்மதிகள் போதாவோ?

செய்மதிகளின் துணைகொண்டு உயரத்தை அறியக்கூடிய இக்காலத்தில் பழைய கற்களைத் தேடுவானேன் என்று சிலர் வினவலாம். செய்மதிவழிப் பெறும் உயரம் கணிதமுறையில் அமைத்த நீளுருண்டை ஒன்றின் மேற்பரப்பிலிருந்து அளக்கப்படுவது. கடல் மட்டத்திலிருந்து அன்று. இவ்விரண்டுக்குமிடையிலான வேறுபாடு இடத்துக்கிடம் மாறும். உலகிலேயே அவ்வேறுபாடு மிக ஆழ்ந்து காணப்படும் பகுதி இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் உள்ளது. அங்கு கடல் மட்டம் நீளுருண்டைக்கு ஏறத்தாழ 106 மீற்றர் கீழே அமைகின்றது. ஆதலின் எமது பிரதேசத்தில் செய்மதி தரும் எண்ணைக் கடல் மட்ட உயரமாக மாற்றுவதற்கு, உயரம் அறியப்பட்ட பழைய குறிகளின் மீதே கருவியை நிறுத்தி ஒப்பிட வேண்டியுள்ளது. புதிய கருவி பழைய கல்லின் தேவையை ஒழிக்கவில்லை. அதன் மதிப்பை உயர்த்தியுள்ளது.

‘காணப்படவில்லை’ என்பதன் பல பொருள்கள்

மட்டக்குறி ஒன்றைக் காணாமைக்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, குறி உண்மையாகவே அழிந்திருத்தல். வீதி அகலிப்பில் மதகு இடிக்கப்பட்டிருக்கலாம். கட்டடம் குண்டுவீச்சில் தகர்ந்திருக்கலாம். காங்கேசன்துறைப் புகையிரதப் பாதை 1990இல் செயலிழந்து, 2015 ஜனவரியிலேயே மீண்டும் காங்கேசன்துறை வரை திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர்க்கட்டைகளும் பெயர்க்கப்பட்டன. அப்பாதையோரக் கட்டடங்களை நம்பிப் பொறிக்கப்படும் குறிகளுக்கு நேரக்கூடிய கதியை இதிலிருந்து உய்த்துணரலாம்.

இரண்டாவது, குறி இருந்தும் மறைந்திருத்தல். வீதி பலமுறை உயர்த்தப்பட்டுத் தார் இடப்படும்போது கல் கீழே புதையுண்டு போகும். சுவருக்குச் சீமெந்து பூசும்போது வெட்டுக்குறி மறைந்துவிடும். கல்லும் அதன் உயரமும் அங்கேயே உள்ளன. கண்ணுக்கு மட்டுமே புலப்படவில்லை.

மூன்றாவது, அணுக இயலாமை. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேற்றப்பட்டனர். அங்கு அமைந்த உயர் பாதுகாப்பு வலயம் போர் முடிந்த 2009இன் பின்னர் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டது. கண்ணிவெடி அகற்றப்படாத நிலத்தில் மண்வெட்டி பிடித்தல் எவர்க்கும் ஆகாது. இத்தகைய இடத்திலுள்ள குறியைக் ‘காணப்படவில்லை’ என எழுதுதல் உண்மைக்கு மாறாகும். அது தேடப்படவேயில்லை.

நான்காவது, வழிகாட்டும் அடையாளங்கள் மறைந்தமை. மட்டக்குறியின் விவரணம் பெரும்பாலும் அயலிலுள்ள பொருள்களைச் சார்ந்தே எழுதப்படும்: இன்ன ஆலமரத்திலிருந்து இத்தனை அடி, இன்ன மடத்தின் வடகிழக்கு மூலை என்றவாறு. மருதனார்மடம் என்னும் பெயரிலேயே ஒரு மடம் இருக்கின்றது. வழிப்போக்கர்க்கென எம்முன்னோர் அமைத்த மடங்களும் சுமைதாங்கிகளும் ஆவுரஞ்சிக் கற்களும் ஒரு காலத்தில் வீதியின் இயல்பான அடையாளங்களாயிருந்தன. அவை மறையுமிடத்து, அவற்றைச் சார்ந்த விவரணமும் பொருளற்றதாகின்றது. குறி தன்னிடத்தில் இருக்க, அதற்குச் செல்லும் சொல்வழி அழிந்துவிடுகின்றது.

இந்நான்கினையும் ஒரே சொல்லால் குறிப்பதனால் நேரும் தீங்கு இதுவே: முதலாவது நிலைமையில் புதிய குறி நடவேண்டும், இரண்டாவதில் தோண்டவேண்டும், மூன்றாவதில் காத்திருக்கவேண்டும், நான்காவதில் ஊர் முதியோரை அணுகவேண்டும். பதிவேடு இவற்றை வேறுபடுத்தாதாயின், உயிரோடிருக்கும் பல குறிகள் இறந்தனவாகக் கணக்கிடப்பட்டுக் கைவிடப்படும்.

பிற நாட்டு அனுபவம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசிய புவியளவை நிறுவனம் இவ்வேறுபாட்டைக் கவனத்துடன் பேணுகின்றது. அங்கு ‘காணப்படவில்லை’ என்பது ஒருவகைப் பதிவு. ‘அழிந்தது’ என்பது பிறிதொன்று. எத்தனை பேர் தேடிக் காணாவிடினும், தக்க சான்றின்றி ஒரு குறி அழிந்ததாகக் கொள்ளப்படுவதில்லை. பெயர்ந்து கிடக்கும் குறியையே கண்டெடுத்தல் அத்தகைய சான்றாகும். ஒருவர் காணவில்லை என எழுதிய குறியைப் பல்லாண்டுகளின் பின் மற்றொருவர் கண்டெடுத்த நிகழ்ச்சிகள் அப்பதிவேடுகளில் உண்டு. அளவையாளர் மட்டுமன்றித் தன்னார்வப் படகோட்டிகளும் பொழுதுபோக்காகத் தேடும் பொதுமக்களும் அந்நிறுவனத்திற்கு அறிக்கைகள் அனுப்பியுள்ளனர்.

பிரித்தானியாவின் அனுபவம் மறுபுறத்தைக் காட்டுகின்றது. அங்கு பொறிக்கப்பட்ட ஏறத்தாழ 500,000 மட்டக்குறிகளுள் பாதியளவே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படுகின்றது. போரின்றியும், வீதி அகலிப்பும் கட்டட வேலையும் மட்டுமே இவ்வளவு அழிவைச் செய்யவல்லன. வளர்ச்சிப் பணிகளும் போரும் ஒருங்கே கண்ட எமது மண்ணில் பதிவின் தேவை மேலும் மிகுதி என்பது சொல்லாமலே விளங்கும்.

அறிக்கை எவ்வாறு அமைதல் வேண்டும்?

தேடலின் தோல்வியை எழுதுபவர் தாம் காணாததைப் பற்றி அன்றி, தாம் செய்ததைப் பற்றியே எழுதவேண்டும் என்பது எமது முடிபு. தேடிய நாள், கையிலிருந்த விவரணமும் அதன் ஆண்டும், விவரணத்திற் கூறிய அடையாளங்களுள் எஞ்சியவை, எங்கிருந்து எவ்வளவு தூரம் அளக்கப்பட்டது, எவ்வளவு ஆழம் தோண்டப்பட்டது, தேடலைத் தடுத்தது யாது, எவரிடம் விசாரிக்கப்பட்டது என்னும் ஏழும் இடம்பெறல் வேண்டும்.

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ‘சந்தியருகே உள்ள குறி காணப்படவில்லை’ என்று ஓர் அறிக்கை முடிகின்றது எனக் கொள்வோம். மற்றோர் அறிக்கை, ‘விவரணத்திலுள்ள மதகு புதிதாகக் கட்டப்பட்டுள்ளது, கிணறு எஞ்சியுள்ளது, கிணற்றின் நடுவிலிருந்து 14 மீற்றர் தெற்கே அளந்தபோது அப்புள்ளி தார் வீதியின் கீழ் அமைந்தது, வீதி ஏறத்தாழ அரை மீற்றர் உயர்த்தப்பட்டதாக அயலவர் இருவர் கூறினர், தோண்டப்படவில்லை’ என்கின்றது. இருவரும் குறியைக் காணவில்லை. ஆயினும் முதலாமவர் பின்வருவோரைத் திருப்பி அனுப்புகின்றார். இரண்டாமவர் அவர்களை வீதி மீண்டும் கிளறப்படும் நாள்வரை காத்திருந்து தோண்டுமாறு வழிப்படுத்துகின்றார்.

இங்கு அயலவரின் சாட்சியத்தை நாம் சேர்த்திருப்பது கருதத்தக்கது. அளவைப் பதிவேடு ஆட்சியாளரின் தேவைக்காகத் தோன்றியது. வரிக்கும் வீதிக்கும் படைநகர்வுக்கும் அது பயன்பட்டது. அக்குறிகளின் அருகே வாழ்ந்தவர்களின் அறிவு அதில் இடம்பெறவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாம மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். மறு ஆண்டு மீண்டவர் பலர், மீளாதவர் பலர். ஆதலால் ‘முன்பு இங்கே ஒரு கல் இருந்தது’ எனக் கூறவல்லோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். கல்லைப் பின்னரும் தோண்டலாம். முதியோரின் நினைவைப் பின்னர் பெறுதல் இயலாது. எனவே தேடலின் முதற்படி மண்வெட்டியன்று, விசாரணையே எனலாம்.

அன்றியும், தேடல் அறிக்கைகள் அலுவலகக் கோப்புக்குள் உறங்கலாகாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் பொது அதிகார சபைகளிடமுள்ள தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைக் குடிமக்களுக்கு அளித்துள்ளது. மட்டக்குறிகளின் பட்டியலும் அவற்றைத் தேடிய வரலாறும் பாடசாலைகளுக்கும் பிரதேச சபைகளுக்கும் எட்டுமாயின், புவியியல் மாணவர் தம் ஊர்க் குறிகளைத் தாமே தேடிப் பதிவு செய்தல் கூடும். வீதி வேலை தொடங்குமுன் அவ்வழியிலுள்ள குறிகளைப் பார்வையிட்டு, உயரத்தை அருகிலுள்ள வேறொரு நிலையான பொருளுக்கு மாற்றிவைத்தல் சிறு செலவிலேயே இயலும். வேலை முடிந்தபின் இழந்த உயரத்தை மீட்பதற்கோ தொலைவிலுள்ள குறியொன்றிலிருந்து புதிதாக மட்டமளந்து வரவேண்டும்.

இதுகாறும் கூறியவற்றால், காணாமையும் இன்மையும் ஒன்றல்ல என்பது புலனாகும். எங்கே, எப்பொழுது, எவ்வாறு தேடினோம் என்பதை நேர்மையுடன் எழுதிய தோல்வி, பின்வருபவரின் தேடலில் ஒரு பகுதியைச் செய்து முடித்துவிடுகின்றது. மருதனார்மடத்தில் ஒரு கிணற்றின் நீர் இன்னும் எத்தனை ஆண்டு நன்னீராயிருக்கும் என்னும் கேள்விக்கு விடை காண முனைவோர், முதலில் அக்கிணற்றின் அயலிலுள்ள மட்டக்குறி பற்றிய கடைசி அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிப்பாராக. அவ்வறிக்கை ஒரே சொல்லில் முடிந்திருப்பின், எஞ்சியவற்றை எழுதும் பொறுப்பு அவர்களையே சாரும்.